யப்பான் லீக்கில் பேசாலை அணி

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ட்ராமில் போய்வருகிறவர்கள் பலருக்கு வெரோனிக்காவின் முகம் பழக்கம், பெயர் தெரியாது. சீருடைச் சட்டை, காதில் சிறிய தோடு, முன்கண்ணாடிக்கு வெளியே பதிந்த பார்வை. தூரத்தில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் கதவை மூடாமல் கொஞ்சம் பொறுத்திருப்பார். ஓடிவந்தவர் மூச்சு வாங்க நன்றி சொன்னால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். எங்கள் பகுதியில் ட்ராம் ஓட்டும் தமிழ்ப்பெண் வேறொருவர் இருப்பதாக நான் அறியவில்லை. இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

இந்த வருடம் அவருக்கு ஐம்பது வயது நிறைந்தது. அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு கால்பந்தாட்டம் நடந்தது. அதைப்பற்றி இப்போதே ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். ஆட்டத்தை நான் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். அதற்கு முந்திய கதையை வெரோனிக்காவிடமும் அவருடைய அண்ணன் எமிலிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

இருவரும் மன்னாரில் பேசாலையைச் சேர்ந்தவர்கள். பேசாலையில் பையன்கள் நடக்கப் பழகியதும் பந்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். வெரோனிக்காவுக்கும் போக ஆசை. பெண்பிள்ளைகளுக்கு மைதானத்தில் இடம் இருக்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று யார் எப்படி அடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். போர் காரணமாக அண்ணனும் தங்கையும் மட்டும் ஜெர்மனிக்கு வந்தபோது வெரோனிக்காவுக்குப் பதினாறு வயது, எமிலுக்குப் பத்தொன்பது. ‘ஹைம்’ என்று எல்லோரும் சொல்லும் அகதிகள் விடுதியில் ஓர் அறை கொடுத்தார்கள். விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்திருப்பதுதான் அங்கே வேலை.

பிறகு எமிலுக்கு வேலை அனுமதி கிடைத்தது. டுசல்டோர்ஃபில் ஒரு யப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே சமைத்தவர் குடும்பத்தோடு நாட்டுக்குத் திரும்பியபோது, கொண்டுபோக முடியாத சாமான்களைக் கூட வேலை செய்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒருவருக்குச் சோறு சமைக்கும் மின்சட்டி, இன்னொருவருக்குக் கம்பளம். எமிலுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி, அதற்கு இரண்டு கொன்ட்ரோலர்கள், இந்த நாட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பாரமான ட்ரான்ஸ்போமர், ஒரேயொரு விளையாட்டு. யப்பானில் அப்போதுதான் தொடங்கியிருந்த கால்பந்து லீக்கின் அணிகளை வைத்துச் செய்த விளையாட்டு அது. சமையல்காரரின் மனைவி எமிலுக்குத் தங்கை இருப்பதை அறிந்தவர். இரண்டு விரல்களைக் காட்டி, இருவரும் ஆடுங்கள் என்று சைகை செய்து கொடுத்தார். இதை எமிலும் ஒப்புக்கொள்கிறார்.

பழைய சாமான்களைத் தெருவோரம் வைக்கும் நாளில் எடுத்துவந்த தொலைக்காட்சியில் பெட்டியை இணைத்தார்கள். யப்பான் பெட்டிக்கும் ஜெர்மன் தொலைக்காட்சிக்கும் ஒத்துவரவில்லை. படம் கறுப்பு வெள்ளையாகவே வந்தது. எழுத்தில் ஒன்றுகூட விளங்கவில்லை. எமில் கடும் சாம்பல் நிறத்தில் தெரிந்த அணியை எடுத்தார், வெரோனிக்கா வெளிர் சாம்பலை எடுத்தார். வீரர்களின் பெயர்களை வாசிக்க ஏலாததால் வெரோனிக்கா தானே பெயர் வைத்தார். கோல் காப்பவர் கோயில் மூப்பர் சூசைப்பிள்ளை. நடுவில் மனுவேல். முன்னால் ஒன்பதாம் இலக்கம் லெம்பேட். அந்தப் பெயருக்குரிய உண்மையான லெம்பேட் தலையால் கோல் போடுவதில் ஊரில் பேர்போனவர். அணியின் பெயர் பேசாலை. எமில் தன் ஆட்களுக்குப் பெயர் வைக்கவில்லை. வென்றால் போதும் என்றார்.

கொன்ட்ரோலரில் நான்கு பொத்தான்கள். மஞ்சள், பந்தைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்க. நீலம், உயரத் தூக்கிக் கொடுக்க. அந்தப் பந்து இறங்கும் இடத்தில் ஆள் நின்றால் அதே நீலத்தால் தலையாலும் அடிக்கலாம். சிவப்பு, கோலை நோக்கிக் காலால் அடிக்க. பச்சை எதற்கென்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

தொடங்கிச் சில வாரங்களில் வெரோனிக்காவின் சிவப்புப் பொத்தான் வேலை செய்யாமல் போயிற்று. அமுக்கினால் அமுங்கும், ஆனால் திரையில் ஒன்றும் நடக்காது.

“யப்பான் சாமான் தானே. இந்தக் குளிர் ஒத்துவரேல்லையாக்கும்” என்றார் எமில்.

“உங்கடைக்கு மட்டும் ஒத்துவருதோ?”

“அது ஆம்பிளைக் கொன்ட்ரோலர்.”

வெரோனிக்கா அந்தக் கொன்ட்ரோலரையே திரும்ப எடுத்துக்கொண்டார். காலால் கோலுக்கு அடிக்க முடியாது என்றால் மிஞ்சுவது தலை. பந்தை ஓரத்தால் கொண்டுபோய், கோடு முடிகிற இடத்தில் நீலத்தால் தூக்கி, லெம்பேட்டின் தலைக்குக் கொடுக்கப் பழகினார். முதலில் எட்டு கோல், ஒன்பது கோல் வித்தியாசத்தில் தோற்றார். பிறகு மூன்றாயிற்று. கடைசிக் குளிர்காலத்தில் சில ஆட்டங்கள் சமமாக முடிந்தன. ஆனால் அந்த அறையில் அவர் ஒருமுறைகூட வென்றதில்லை. இதிலும் இருவர் சொல்வதும் ஒன்றே.

வதிவிட அனுமதி கிடைத்ததும் எமில் ஹம்பேர்க்குக்குப் போனார். பெட்டியும் போயிற்று. வெரோனிக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார், பின்னேரங்களில் ஜெர்மன் படித்தார், கலியாணம் செய்தார், யூலியா என்ற மகளைப் பெற்றார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ட்ராம் ஓட்டும் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். எழுத்துப் பரீட்சையில் முதல்முறை தவறி, இரண்டாம்முறை தேறினார். எமில் ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை திறந்தார். காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே மாதாவின் சிலை, முதல் நாள் வியாபாரத்தில் வந்த தாள், அந்தப் பெட்டி. அதற்கு மின்சாரம் கொடுப்பதில்லை. மார்கழியில் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வெரோனிக்கா கேட்பார், எமில் மறுப்பார்.

பிறந்தநாளுக்கு வாடகை மண்டபம் எடுத்தார்கள். யூலியா தாயின் படங்களை வரிசைப்படுத்தி, பெரிய திரையில் காட்ட ஏற்பாடு செய்திருந்தாள். கேக் வைத்த மேசையில் பழைய சாமான்கள் சிலவற்றையும் பார்வைக்கு வைத்தார்கள். எமிலும் தன் பெட்டியைக் கொண்டுவந்து, தொடவேண்டாம் என்று ஜெர்மனில் எழுதிய அட்டையோடு அங்கே வைத்தார்.

வெரோனிக்கா அட்டையை வாசித்தார். 

“அண்ணா, இந்த முறையாவது தாங்கோவன்.”

“தந்து? நீ விளையாடி உடைச்சுப்போடுவாய். என்ரை கடையிலை அது ராசா மாதிரி இருக்கு.”

“அந்த மனுசி அலுமாரியிலை வைக்கவோ தந்தவ? ரெண்டு பேரையும் விளையாடச் சொல்லித் தந்தவ.”

“விளையாடினா நீ தோப்பாய், பிள்ளை. அம்பது வயசிலை சீலையோட இருந்து அழுதா வடிவா இராது.”

பக்கத்து மேசையில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த தியாகராசா இதைக் கேட்டுவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தில் முறைப்படி நடுவராகப் பதிந்து, உள்ளூர் ஆட்டங்களில் பல வருடம் ஊதியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் விசில் இருக்கும்.

“அப்ப விளையாடித் தீருங்கோவன்” என்றார். “வெண்ட ஆளுக்குப் பெட்டி.”

“அண்ணை, உது பகிடிக்கு…”

“பயமோ எமில்?”

மண்டபத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எமிலுக்கு வேறு வழி இருக்கவில்லை.

“எனக்கென்ன பயம்? வெண்டா கொண்டுபோகட்டும். தோத்தா இனி நத்தாருக்கு நத்தார் இந்தக் கதை கதைக்கக்கூடாது.”

“சரி” என்றார் வெரோனிக்கா. சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மண்டபத்தின் புரொஜெக்டர் பழையது. அதனால் பழைய பெட்டியின் வயரைச் செருக அதில் இடம் இருந்தது, யப்பான் பெட்டியின் படமும் ஒத்துவந்தது. யூலியா தாயின் திருமணப் படத்தை நிறுத்திவிட்டு விளையாட்டை இணைத்தாள். திரையில் பச்சைப் புல்தரை வந்தது, இரண்டு அணிகள் வந்தன. வெரோனிக்கா எழும்பிவிட்டார்.

“ஐயோ, எங்கடை பெடியள் மஞ்சளே!”

“உனக்குத் தெரியாதே?” என்றார் எமில்.

“நீங்கள் சொன்னனீங்களே?”

“நீ கேட்டனீயே?”

மகளுக்கு விளங்கவேண்டும் என்று வெரோனிக்கா திரையைக் காட்டி ஒவ்வொருவராகச் சொன்னார். அது மூப்பர் சூசைப்பிள்ளை, அது மனுவேல், முன்னுக்கு நிற்கிற ஒன்பது லெம்பேட். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. உண்மையான லெம்பேட் பக்கத்து நகரான ஹேர்னவில் மகனோடு இருக்கிறார். அன்று விருந்துக்கு வந்திருந்தார். கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தார்.

“நானோ? எது நான்?”

“அந்த ஒன்பது, லெம்பேட் அண்ணை.”

அவர் கொஞ்சநேரம் பார்த்தார். “மெலிஞ்சுபோனன்” என்றார். முன்வரிசையில் எழும்பி இடம் கொடுத்தார்கள்.

எமில் ஒரு கொன்ட்ரோலரைத் தங்கையிடம் நீட்டினார். “இந்தா, உன்ரை. பழகின சாமான்.”

வெரோனிக்கா சிவப்புப் பொத்தானை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். தியாகராசா விசில் ஊதினார்.

எமில் நன்றாக ஆடினார். இதை மறைக்கக்கூடாது. பெட்டிக்கு மின்சாரம் கொடுக்காவிட்டாலும் விரல்கள் மறந்திருக்கவில்லை. நேராக ஓடி, நேராக அடித்து, முதல் கோலைப் போட்டார். இரண்டாவதும் அதேபோல். இரண்டு முறையும் எழும்பிச் சபையைப் பார்த்துக் கும்பிட்டார். வெரோனிக்கா பந்தை ஓரத்தால் கொண்டுபோனார், தூக்கினார், கோல் காப்பவர் பிடித்தார். மறுபடி தூக்கினார், வெளியே போயிற்று. ட்ராம் ஓட்டும்போது இருக்கும் அதே முகம். மூன்றாம் தடவை ஒன்பதாம் இலக்கம் எழும்பித் தலையால் அடிக்க, பந்து வலைக்குள் போயிற்று.

லெம்பேட் கைத்தடியை உயர்த்திக் காட்டினார். “அப்பிடித்தான் அடிக்கிறனான்! கேட்டுப் பாருங்கோ ஊரிலை!”

இடைவேளை வந்தபோது எமில் இரண்டு, வெரோனிக்கா ஒன்று.

“மாறுங்கோ” என்றார் தியாகராசா.

“பக்கம் தானா மாறும், அண்ணை. பெட்டியே மாத்தும்” என்றார் எமில்.

“திரையிலை இருக்கிறது மாறும். கையிலை இருக்கிறது மாறாதே. பக்கம் மாறுறது ஏன், தெரியுமோ? வெயிலும் காத்தும் ரெண்டு பேருக்கும் ஒண்டா இருக்கவேணும். கொன்ட்ரோலரை மாத்துங்கோ.”

எமிலின் முகம் கொஞ்சம் மாறியது. அதைக் கவனித்தது நான் மட்டுமல்ல.

“தேவையில்லை, அண்ணை. ரெண்டும் ஒண்டுதான்.”

“ஒண்டெண்டா மாத்திறதிலை என்ன நட்டம்?”

சபை சிரித்தது. கொன்ட்ரோலர்கள் கை மாறின, அணிகள் மாறாமல் இருக்க யூலியா அவற்றின் வயர்களையும் பெட்டியில் இடம் மாற்றிச் செருகினாள்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் எமில் பழையபடி நேராக ஓடினார். கோல் காப்பவர் மட்டும் எதிரே நின்ற இடத்தில் சிவப்பை அமுக்கினார். அவருடைய ஆள் அடிக்கவில்லை. பந்தை வைத்துக்கொண்டு சும்மா ஓடினான், மூப்பர் சூசைப்பிள்ளை குனிந்து எடுத்துக்கொண்டார். அடுத்த முறையும் அதேதான். எமில் பொத்தானைக் குத்தினார், ஊதினார், துடையில் தட்டினார்.

“இது வேலை செய்யேல்லை!”

“ஓம், தெரியும்” என்றார் வெரோனிக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ. பட்டன் பழுது!”

“இப்பதானே ரெண்டும் ஒண்டு எண்டனீர்” என்றார் தியாகராசா. “விளையாடும்.”

“பழுதில்லை, அண்ணா” என்றார் வெரோனிக்கா. பந்தை ஓரத்தால் கொண்டுபோய்க்கொண்டே பேசினார். “உங்கடை சிவப்புக்குக் கீழை இருந்த ரப்பர் தேஞ்சு போச்சு. என்ரையைக் கழட்டி உங்கடைக்குள்ளை போட்டனீங்கள். நான் உடுப்புத் தோய்ச்சுப்போட்டு வரேக்கை கையிலை திருப்புளியோடை இருந்தனீங்கள்.”

மண்டபம் ஒரேயடியாகக் கத்தியது. எமில் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“அப்ப ஏன் அண்டைக்கே கேக்கேல்லை?”

“கேட்டா தந்திருப்பியளே?”

“…தந்திருக்கமாட்டன்.”

“அதுதான். வேறை வழி பழகினன்.” அந்த வார்த்தையோடு நீலத்தை அமுக்கினார். பந்து உயர்ந்து இறங்கியது, ஒன்பதாம் இலக்கம் தலையைக் கொடுத்தான். இரண்டுக்கு இரண்டு.

இதுவரை ரோல்ஸ் தட்டுகளோடு திரிந்தவர்களும் வந்து நின்றார்கள். கால்பந்தே பார்க்காத பெண்கள் மூப்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எமிலுக்கு இப்போது கோல் போட வழியில்லை. நீலத்தால் தூக்கிப் பார்த்தார், அது பழக்கமில்லாத கைக்கு வசப்படவில்லை. ஆனால் அவர் கெட்டிக்காரர். சமநிலையில் முடிந்தால் பெட்டி தன்னிடமே இருக்கும் என்று கணக்குப் போட்டு, தன் ஆட்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தங்கை எதைச் செய்வார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்: ஓரம், தூக்கல், லெம்பேட்டின் தலை. மூன்று பேரை ஒன்பதைச் சுற்றி நிறுத்திவிட்டார்.

“என்னை மறிக்க மூண்டு பேரோ!” என்றார் லெம்பேட். கோபம்போலச் சொன்னாலும் முகம் மலர்ந்திருந்தது.

வெரோனிக்கா தூக்கினார், மூன்று தலைகள் முந்திக்கொண்டன. மறுபடி தூக்கினார், அதுவும் அப்படியே. நேரம் முடிந்துகொண்டிருந்தது. மூலைக்குப் போன பந்தை மனுவேல் திருப்பிக் கொண்டுவந்தான். கோலுக்கு நேர் எதிரே, நடுவில் வெறும் புல். எமிலின் ஆட்கள் எல்லோரும் ஒன்பதோடு நின்றார்கள்.

“தூக்கு, தூக்கு, பாப்பம்” என்றார் எமில். “எங்கை தூக்குவாய்?”

வெரோனிக்காவின் பெருவிரல் நீலத்தின்மேல் இருந்தது. பழக்கம் அது. பிறகு அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார். ஆட்டம் முழுவதிலும் திரையை விட்டு அவர் கண்ணை எடுத்தது அப்போது மட்டும்தான். பெருவிரல் நகர்ந்தது. சிவப்பை அமுக்கினார்.

மனுவேல் காலால் அடித்தான். பந்து தரையோடு தரையாகப் போய், கோல் காப்பவரின் இடப்பக்கத்தால் வலைக்குள் நுழைந்தது.

திரையில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்துகள் குதித்தன. தியாகராசா ஊதிய விசில் கேட்கவில்லை. மண்டபத்தின் உரிமையாளர் கதவைத் திறந்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். “தோர்!” என்று நாலு திசையிலிருந்தும் அவருக்கு ஜெர்மனில் பதில் போயிற்று, கோல் என்றால் இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை, அவரும் கையைத் தட்டிவிட்டுப் போனார். யூலியா தாயைக் கட்டிப்பிடித்தாள். லெம்பேட் தானே மூன்றையும் போட்டதுபோல எல்லோரோடும் கை குலுக்கினார். வெரோனிக்கா நாற்காலியில் இருந்தபடி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

எமில் எழும்பினார். தொடவேண்டாம் என்ற அட்டையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பெட்டியையும் ட்ரான்ஸ்போமரையும் ரோல்ஸ் வந்த அட்டைப்பெட்டிக்குள் தன் கையாலேயே அடுக்கி, தங்கையின் மடியில் வைத்தார்.

“அந்தச் சிவப்பு இன்னும் வேலை செய்யுமெண்டு எப்பிடித் தெரியும் உனக்கு?” என்று கேட்டார்.

“நீங்கள் ரெண்டு கோல் போட்டுக் காட்டினனீங்கள்தானே.”

ஆட்டம் சமநிலையில் முடிந்தது என்றும், பிறந்தநாள் பரிசாகத்தான் பெட்டியைக் கொடுத்தேன் என்றும் எமில் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவருவதாகக் கேள்வி. சரியான முடிவு இது: பேசாலை மூன்று, எமில் இரண்டு. பேசாலைக்கு லெம்பேட் இரண்டு, மனுவேல் ஒன்று.

பெட்டி இப்போது வெரோனிக்கா வீட்டு வரவேற்பறையில், மின்சாரம் கொடுத்தபடி இருக்கிறது. வேலையில்லாத ஞாயிறுகளில் கோயிலால் வந்ததும் ஆட்டம் நடக்கிறது. லெம்பேட்டும் வந்து தன்னைத் தானே பார்த்துவிட்டுப் போகிறார். போன வாரம் நான் அங்கே இருந்தபோது எமில் தொலைபேசியில் வந்தார். திரும்ப ஒரு ஆட்டம் வேண்டும், எப்போது வரட்டும் என்று கேட்டார். வெரோனிக்கா ஒலியைக் கூட்டி எங்களுக்கும் கேட்கவிட்டார்.

“டெர்மின் எடுத்திட்டு வாங்கோ, அண்ணா” என்றார், அரசாங்க அலுவலகத்தில் முன்கூட்டி நேரம் குறித்துக்கொண்டு வரச்சொல்வதுபோல.

“நக்கலோ? சரி. எந்தக் கொன்ட்ரோலர் தருவாய்?”

“உங்கடை தான்” என்றார் வெரோனிக்கா, வேலை செய்யாத சிவப்புப் பொத்தானை எங்களுக்குத் தொட்டுக் காட்டி. “பழகின சாமான்.”